கடைசி 59.5 விநாடிகள்: மியாமி பயந்தா தோற்றது?

2025 ஏப்ரல் 13, காலை 9.10 (இழையைத் தொடங்கிய வாசகர்)

இன்று அதிகாலை, அமெரிக்கக் கணக்கில் நேற்றிரவு, செயின்ட் லூயிஸில் வெஸ்டர்ன் மிச்சிகன் அணி பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 6-2 என்று வீழ்த்திக் கல்லூரி ஐஸ் ஹாக்கியின் தேசியப் பட்டத்தை முதன்முறையாக வென்றிருக்கிறது. 2009 இறுதி ஆட்டத்தில் இதே பாஸ்டனுக்கு எதிராக, ஒஹையோவின் மியாமி பல்கலைக்கழகம் ஒரு நிமிடம் மிச்சமிருக்கையில் 3-1 என்று முன்னிலையில் இருந்தும் கோட்டை விட்டது. கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்கியதுதான் காரணம் என்பேன். நெஞ்சுரம் இல்லாத அணிக்குப் பட்டம் எப்படிக் கிடைக்கும்? மறுப்பவர்கள் மறுக்கலாம்.

2025 ஏப்ரல் 13, காலை 11.40

மறுக்கிறேன். அந்த ஆட்டம் நடந்த 2009 ஏப்ரல் 11 அன்று நான் ஒஹையோவின் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரில், அதே மியாமி பல்கலைக்கழகத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஃப்ளோரிடாவின் மியாமியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த வட்டாரத்தில் வாழ்ந்த பழங்குடியினரின் பெயரைத் தாங்கி 1809இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் இது. தோற்ற ஆண்டு அதன் இருநூறாவது ஆண்டு. ஊரெங்கும் இருநூற்றாண்டுக் கொடிகள் தொங்கிக்கொண்டிருந்தபோது, ஐஸ் ஹாக்கியில் அந்தப் பல்கலைக்கழகம் அதுவரை தொட்டிராத பட்டம் 59.5 விநாடி தூரத்தில் நின்றது.

"பயந்தார்கள்" என்று எழுதிய நண்பர் முழு ஆட்டத்தையும் பார்த்தாரா, கடைசி நிமிடத் துண்டை மட்டும் பார்த்தாரா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். மூன்று பகுதிகள் கொண்ட ஆட்டத்தில் இரண்டு பகுதிகள் முடிந்தபோது 1-1. மூன்றாம் பகுதியில் டாமி விங்கல்ஸ் ஒன்றும் ட்ரென்ட் வோகல்ஹூபர் ஒன்றுமாக அடித்து 3-1 ஆக்கினார்கள். அந்த ஆண்டின் வலுவான அணி என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பாஸ்டனுக்கு எதிராக, மூன்றாம் பகுதியில் அடுத்தடுத்து இரண்டு கோல் அடிப்பது பயந்தவர்கள் செய்கிற வேலை அல்ல.

2025 ஏப்ரல் 13, மதியம் 1.05

முந்தைய குறிப்பைக் கோபத்தில் எழுதிவிட்டேன். விளக்கம் இல்லாமல் மறுப்பு மட்டும் இருக்கிறது. இந்த ஆட்டத்தைப் பார்த்தே இராதவர்களுக்காகவும் சேர்த்து, கடைசி நிமிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஐஸ் ஹாக்கியில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். ஐவர் ஓடியாடுபவர்கள், ஒருவர் கோல்கீப்பர். பின்தங்கிய அணி கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரை வெளியே அழைத்துவிட்டு, அவருக்குப் பதிலாக ஆறாவது ஆட்டக்காரரை இறக்கும். தன் கோல் காலியாகத் திறந்து கிடக்க, எதிராளியின் ஐவர் மேல் தன் அறுவரை ஏவும் ஆட்டம் அது. முன்னிலையில் இருப்பவர்கள் அந்தக் காலிக் கோலில் தூரத்திலிருந்தே அடித்துவிடலாமே என்று தோன்றும். நானும் முதல் ஆண்டில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தங்கள் பாதியில் நின்று அடித்த வட்டு (பந்துக்குப் பதிலாக இங்கே ரப்பர் வட்டு) கோலுக்குள் போகாமல் எதிர்க் கோல்கோட்டைத் தாண்டிவிட்டால் அது ஐசிங் என்ற தவறு. ஆட்டம் மறுபடி அடித்தவர்களின் கோல் முன்பிருந்தே தொடங்கும். தப்பிக்க நினைத்துச் செய்தது மறுபடியும் முற்றுகைக்குள்ளேயே கொண்டுவந்து தள்ளும்.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் ஒருவர் தொடர்ந்து முக்கால் நிமிடம் முழு வேகத்தில் ஆடினால் மூச்சு வாங்கிவிடும். அதனால்தான் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாற்றுகிறார்கள். தங்கள் எல்லைக்குள் சிக்கிக்கொண்ட ஐவர் ஆள் மாற்றப் போனால் கோல் திறந்துவிடும்; போகாவிட்டால் தொடைகள் இறுகிவிடும். தொலைக்காட்சியில் "பின்வாங்குகிறார்கள்" என்று தெரிவது பெரும்பாலும் இந்த நிலைதான். முற்றுகையில் இருப்பவனைப் பார்த்து ஏன் கோட்டையை விட்டு வெளியே வரவில்லை என்று கேட்கக் கூடாது.

59.5 விநாடி மிச்சமிருக்கையில் பாஸ்டனின் ஸாக் கோஹன் மட்டையின் பின்புறத்தால் அடித்தார், 3-2. 17.4 விநாடி மிச்சமிருக்கையில் மாட் கில்ராய் தானே அடிக்கப்போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு நிக் பொனீனோவுக்குத் தள்ள, பொனீனோ உள்ளே போட்டார், 3-3. கில்ராய் அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹோபி பேக்கர் விருதைப் பெற்றவர். பொனீனோ பின்னாளில் பிட்ஸ்பர்க் அணியோடு 2016, 2017 இரண்டு ஆண்டுகளும் தொழில்முறை ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையை வென்றவர். மியாமியின் பக்கம் கோலைக் காத்த கோடி ரைக்கார்ட் முதலாம் ஆண்டு மாணவர். இதில் கோழைத்தனம் எங்கே இருக்கிறது?

2025 ஏப்ரல் 13, மாலை 4.30

அன்றைய இரவைப் பற்றி யாரோ கேட்டிருந்தார். சொல்கிறேன்.

நாங்கள் நான்கு பேர் ஒரு பழைய மரவீட்டில் தங்கியிருந்தோம். எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது மினசோட்டாவிலிருந்து வந்த அறைத்தோழன். குளம் உறைந்ததும் ஸ்கேட் கட்டிக்கொண்டு வளர்ந்தவன். முதல் ஆண்டுக் குளிர்காலத்தில், பல்கலைக்கழகத்தின் காகின் ஐஸ் அரங்குக்கு என்னை இழுத்துப் போய் உட்காரவைத்தான். வட்டு எங்கே போகிறது என்றே எனக்கு முதலில் தெரியவில்லை. "வட்டைப் பார்க்காதே, ஆட்களின் தோளைப் பார்" என்றான். மூன்றாவது ஆட்டத்தில் கண் பழகிவிட்டது. அன்று அவன் கையில் கொடுத்த வட்டை இப்போதும் வைத்திருக்கிறேன்: மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிமன், சுமார் 170 கிராம் எடையுள்ள கறுப்பு ரப்பர். துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக, ஆட்டத்துக்கு முன் அதை உறையவைப்பார்கள். உறைந்த வட்டை உள்ளங்கையில் வைத்தால் கல்லை வைத்ததுபோலத்தான் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை இறுதி ஆட்டம் வாஷிங்டனில். நாங்கள் வீட்டில் தொலைக்காட்சி முன்னால். 3-1 ஆனதும் அறையில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள், யாரும் மறுபடி உட்காரவில்லை. எனக்கு அப்போது திடீரென்று அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. விருதுநகரில் ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன்பின் இருக்கும். பால்காரர் வரும் நேரம், அம்மா விழித்திருப்பார். தொலைபேசி அட்டையின் பின்னாலுள்ள நீண்ட எண்ணை அழுத்திக்கொண்டே சமையலறைக்குப் போனேன்.

அம்மா எடுத்த நேரத்தில் கூடத்திலிருந்து பெரும் சத்தம் வந்தது. காலிக் கோலில் நம்மவர்கள் நான்காவதையும் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, "ஜெயிச்சாச்சும்மா" என்றேன். எட்டிப் பார்த்தபோது எல்லோரும் தலையில் கைவைத்து நின்றார்கள். அது 3-2. அம்மா "என்னப்பா சத்தம்?" என்றார். சொன்னேன். "இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு?" என்றார். ஒரு நிமிடம் என்றேன். "அப்ப ஒண்ணும் ஆகாது" என்றார்.

அடுத்த சத்தம் வரவில்லை. அறை அப்படியே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியை வைத்துத்தான் 3-3 என்று தெரிந்துகொண்டேன்.

2025 ஏப்ரல் 13, இரவு 7.15

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். ஒரு சந்தேகம். இரண்டு கோல்களுக்கும் இடையே ஆட்டக் கடிகாரத்தில் ஓடியது 42.1 விநாடிதான். ஆட்டம் நிறுத்தப்பட்ட நேரத்தையும் கூட்டினாலும் அம்மாவோடு பேசியதாக எழுதியிருக்கிற அத்தனையும் அதற்குள் அடங்குமா என்று தெரியவில்லை. பதினாறு ஆண்டுகளாக இந்தக் கதையை இப்படியேதான் சொல்லி வருகிறேன். இன்றிரவு ரயில் ஏறுகிறேன், சித்திரை முதல் நாளுக்கு ஊருக்குப் போகிறேன், அம்மாவிடமே கேட்டுவிடலாம்.

பாஸ்டன் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அது திடீரென்று விழுந்த அதிர்ஷ்டம் அல்ல. அதற்கு இரண்டு வாரம் முன்பு நியூ ஹாம்ஷயருக்கு எதிரான மண்டல இறுதியில் 14.4 விநாடி மிச்சமிருக்கையில் கோல் அடித்து 2-1 என்று வென்றார்கள். அரையிறுதியில் வெர்மான்ட்டிடம் கடைசிப் பகுதியில் பின்தங்கியிருந்து 5-4 என்று மீண்டார்கள். கடைசி நிமிடத்தில் கைநடுங்காமல் ஆடக் கற்றுக்கொண்ட அணி அது. ஜாக் பார்க்கர் 1978, 1995 ஆண்டுகளில் ஏற்கெனவே பட்டம் வென்ற பயிற்சியாளர். மியாமி தோற்றது அப்படிப்பட்ட ஓர் அணியிடம். இதைச் சொல்லாமல் மியாமியை மட்டும் குறைசொல்வது பாஸ்டனுக்கும் செய்கிற அநீதி.

2025 ஏப்ரல் 13, இரவு 10.50, ரயிலில்

இழையைத் தொடங்கிய நண்பர் ஒன்று கேட்டிருக்கிறார்: "முற்றுகை சரி, வட்டை நீலக்கோட்டுக்கு வெளியே ஒருமுறை தள்ளியிருந்தால்கூடப் போதுமே, ஏன் தள்ளவில்லை?" நல்ல கேள்வி. (நீலக்கோடு என்பது ஓர் அணியின் தற்காப்பு எல்லை முடியும் கோடு.) மழுப்பப் போவதில்லை. தள்ள முடியவில்லை. இரண்டு கோலுக்கும் முன்பு வட்டு மியாமியின் எல்லையை விட்டு வெளியேறியிருந்தால் பாஸ்டன் மறுபடி திரண்டு வர நேரம் பிடித்திருக்கும், 17.4 விநாடி மிச்சம் இருந்திருக்காது. அதைக் குறை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கைத்திறனின் குறை, அந்த ஒரு நிமிடத்தின் குறை. நெஞ்சுரம் என்பது வேறு விஷயம். இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

என்னுடைய நினைவுப் பிழை ஒன்றையும் இங்கே பதிந்துவிடுகிறேன். கூடுதல் நேரம் தொடங்கியதுமே எல்லாம் முடிந்துவிட்டது என்று இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தேன். நண்பர்களிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். ரயில் தாம்பரம் தாண்டுவதற்குள் சரிபார்த்தேன். கோல்பி கோஹனின் வெற்றி கோல் விழுந்தது கூடுதல் நேரத்தின் 11 நிமிடம் 47 விநாடியில். (முதலில் அடித்த ஸாக் கோஹன் வேறு, இவர் வேறு.) கூடுதல் நேரத்தில் யார் முதலில் அடிக்கிறார்களோ அவர்களுக்கே பட்டம். ஒரு நிமிடத்துக்கு முன்பு கையிலிருந்த கோப்பை நழுவியதைப் பார்த்துவிட்டு, ஓய்வறைக்குப் போய்த் திரும்பி வந்து, ஒரே ஒரு கோல் விழுந்தால் எல்லாம் போய்விடும் என்ற நிலையில், கிட்டத்தட்ட பன்னிரண்டு நிமிடம் பாஸ்டனை நிறுத்திவைத்திருக்கிறார்கள். பயந்தவர்கள் முதல் இரண்டு நிமிடத்திலேயே இடிந்து விழுந்திருப்பார்கள்.

என் நினைவு ஏன் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை அழித்துவிட்டது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அந்த நேரம் முழுக்க அந்த அறையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

2025 ஏப்ரல் 14, காலை 8.20, விருதுநகர்

புத்தாண்டு வாழ்த்துகள். அம்மா மாங்காய்ப் பச்சடிக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருக்கிறார், இன்னும் கேட்கவில்லை.

மெய்ன் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒருவர் குறிப்பிட்டிருந்தார். மிகச் சரியான ஒப்பீடு. 2002 இறுதி ஆட்டம், செயின்ட் பால் நகரம். மெய்ன் 3-2 என்று முன்னிலை. மினசோட்டா கோல்கீப்பரை வெளியே எடுத்தது, 52.4 விநாடி மிச்சமிருக்கையில் மாட் கோவால்ஸ்கா சமன் செய்தார். கூடுதல் நேரத்தில், மெய்ன் ஆட்டக்காரர் ஒருவர் தண்டனைக்காக வெளியே உட்கார்ந்திருந்தபோது, கிரான்ட் பொட்டுல்னி முடித்துவைத்தார். 4-3, எண்கள்கூட ஒன்றுதான். மெய்ன் அணியின் பயிற்சியாளர் ஷான் வால்ஷ் 2001 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்திருந்தார். அவர் இல்லாத அந்தப் பருவத்தைத் தாங்கிக்கொண்டு இறுதிவரை வந்த மாணவர்கள் அவர்கள். அவர்களையும் நெஞ்சுரம் இல்லாதவர்கள் என்று சொல்லுவோமா?

என் மினசோட்டாத் தோழன் 2002இல் பள்ளி மாணவன். மினசோட்டா வென்றதும் பக்கத்து வீட்டுக் கதவுகளைத் தட்டிக்கொண்டு ஓடியவன். 2009இல் மியாமி தோற்ற இரவில், வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அவன் சொன்னது இது: "அன்றைக்கு மெய்னில் ஒரு வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கு வரை நான் யோசித்ததே இல்லை." ஏப்ரல் மாதம்தான் என்றாலும் குளிர் விட்டிருக்கவில்லை. தெருவில் ஒரு கார்கூட இல்லை. வழக்கமாகச் சனிக்கிழமை இரவுகளில் கடைவீதியின் செங்கல் தளத்தில் மாணவர்களின் கூச்சல் இரண்டு மணி வரை கேட்கும்.

2025 ஏப்ரல் 14, மதியம் 12.30

"2015இல் பாஸ்டனுக்குத் தக்க வினை வந்து சேர்ந்தது" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். 2015 இறுதியில் பாஸ்டன் 3-2 என்று முன்னிலையில் இருந்தபோது, பிராவிடன்ஸ் ஆட்டக்காரர் டாம் பரீஸி ஆள் மாற்றுவதற்காக நடுக்கோட்டுப் பக்கமிருந்து சும்மா தூக்கிப் போட்ட வட்டை, கோல்கீப்பர் மாட் ஓகானர் கையுறையில் பிடித்துக் கீழே நழுவவிட, அது அவர் கால்களுக்கிடையே சொந்தக் கோலுக்குள் போனது. அதற்குப் பின் சில நிமிடங்களில் பிராண்டன் டானெவ் அடித்து 4-3. மறுபடியும் அதே எண்கள். அதுவும் பாஸ்டனின் சொந்த ஊரில், டிடி கார்டனில்.

இதை வினைப்பயன் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. 2009இல் ஓகானர் பதின்வயதுப் பையன்; அந்த ஆட்டத்தோடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. மியாமிக்கு நடந்ததற்கு அவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்? கல்லூரி ஆட்டத்தில் சீருடைதான் நிலையானது, அதற்குள் இருக்கும் பிள்ளைகள் நான்கு ஆண்டுக்கொருமுறை மாறிவிடுகிறார்கள். 2015 ஆட்டத்தைப் பார்த்தபோது எனக்குத் துளிகூட மகிழ்ச்சி வரவில்லை. கையுறையைத் திறந்து பார்த்துவிட்டுக் காலடியில் தேடிய அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன்.

அதே 2015இல் மியாமியின் கடைசி ஆட்டமும் அதே பிராவிடன்ஸ் அணிக்கு எதிராகத்தான் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? 6-2 என்று பின்தங்கியிருந்த மியாமியின் பயிற்சியாளர் என்ரிக்கோ பிளாஸி, பத்து நிமிடங்களுக்கும் மேல் மிச்சமிருக்கும்போதே கோல்கீப்பரை வெளியே எடுத்தார். அவ்வளவு நேரம் காலிக் கோலோடு ஆடுவதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. மூன்று கோல் அடித்து 6-5 வரை வந்துவிட்டார்கள். கடைசியில் காலிக் கோலில் ஒன்று விழுந்து 7-5. 2009இல் தன்னைக் கொன்ற ஆயுதத்தையே ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு கையிலெடுத்து, வேறு யாரும் துணியாத தூரத்துக்குக் கொண்டுபோனவர் அவர். பயந்த அணி என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2025 ஏப்ரல் 14, மாலை 5.45

வெற்றி கோலைப் பற்றி இதுவரை நான் தள்ளிப்போட்டு வந்ததை எழுதிவிடுகிறேன்.

கெவின் ஷாட்டன்கிர்க் தள்ளிய வட்டைக் கோல்பி கோஹன் ஓங்கி அடித்தார். மியாமியின் தற்காப்பு வீரர் ஒருவர் அதைத் தடுக்கப் பனித்தரையில் சறுக்கி விழுந்தார். வட்டு அவர் மேல் பட்டது. பட்டதும் திசை மாறி, மேலெழும்பி, ரைக்கார்டின் தலைக்கு மேலே வளைந்து உள்ளே போனது. அவர் விழாமல் நின்றிருந்தால் அந்த அடியை ரைக்கார்ட் நேராகப் பார்த்துத் தடுத்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஐஸ் ஹாக்கி ஆடுகிற எந்தப் பையனும் சிறுவயதிலிருந்து கற்றுக்கொள்வது இதைத்தான்: வட்டு வருகிறதா, உடம்பைக் குறுக்கே போடு.

அது என்ன என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். அடுத்த குளிர்காலத்தில் காகின் அரங்கில் தொடக்கநிலை வகுப்பில் சேர்ந்து ஸ்கேட் பழகினேன். இருபத்தைந்து வயதில், சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்க ஒரு வாரம். ஒரு நாள் வகுப்பு முடிந்து அரங்கு காலியான பிறகு, என் தோழனைப் பார்த்து, "ஒருமுறை என்மேல் அடி, தடுத்துப் பார்க்கிறேன்" என்றேன். மறுத்தான், வற்புறுத்தினேன். காலுக்கு ரப்பர் தடுப்புகள் கட்டிவிட்டு, இருபதடி தள்ளி நின்று, பாதிப் பலத்தில்கூட இல்லை, மணிக்கட்டை மட்டும் திருப்பி அடித்தான். வட்டு கிளம்பியதைக் கண் பார்ப்பதற்குள் உடம்பு தானாகத் திரும்பிக்கொண்டது. தடுப்பு இல்லாத ஆடுசதையில் பட்டது. முதலில் வலிக்கவில்லை, காலே இல்லாததுபோல் இருந்தது. பிறகு ஏறிய வலியில் பனித்தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டேன். கத்தரிப்பூ நிறத்தில் வீங்கியது கறுத்து, மஞ்சளாகி, மறைய மூன்று வாரம் ஆயிற்று.

கபடியில் பாடி வருகிறவன் காலை நோக்கிப் பாய்கிறவனைப் பார்த்திருப்பீர்கள். முழங்கை முகத்தில் படலாம், கால் தாடையில் படலாம். பாய்ந்த பிறகு உடம்பைத் திரும்ப எடுக்க முடியாது. இதுவும் அப்படித்தான், எதிரே வருவது மட்டும் உறைந்த ரப்பர், மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் அளவு வேகத்திலும் வரக்கூடியது. அறுபது நிமிடத்துக்கு மேல் ஆடிக் களைத்த ஒருவர், அந்த வட்டுக்கு முன்னால் முகத்தைத் திருப்பாமல் விழுந்தார். அந்த ஆட்டத்தின் கடைசிச் செயல் அதுதான். இழையைத் தொடங்கிய நண்பரே, நெஞ்சுரம் என்று நீங்கள் தேடியது இது இல்லையென்றால் வேறு எது?

2025 ஏப்ரல் 14, இரவு 8.00

நண்பர் "பயம்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுவதாகவும், "அனுபவமின்மை" என்று மாற்றிக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறார். நன்றி. அதிலும் எனக்குப் பாதிதான் உடன்பாடு, ஏனென்றால் பாஸ்டனின் கோல்கீப்பர் கீரன் மில்லனும் முதலாம் ஆண்டு மாணவர்தான். ஆனால் மியாமி அதற்கு முன் இறுதி ஆட்டத்துக்கு வந்ததே இல்லை என்பதை மறுக்க முடியாது. நான்கு அணிகள் கொண்ட தங்கள் மண்டலத்தில் கடைசி இடத்தில் வைக்கப்பட்டு, டென்வரையும் மினசோட்டா டுலுத்தையும் தாண்டி, அரையிறுதியில் பெமிட்ஜி ஸ்டேட்டை 4-1 என்று வென்று வந்தவர்கள்.

அடுத்த ஆண்டு இன்னும் வலுவாகத் திரும்பி வந்தார்கள். ரைக்கார்ட் அந்தப் பருவத்தில் தங்கள் லீக்கின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். அந்தக் கடைசி நிமிடம் அவரை உடைத்துவிடவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அரையிறுதியில் பாஸ்டன் காலேஜிடம் (பாஸ்டன் பல்கலைக்கழகம் வேறு, இது வேறு) 7-1 என்று தோற்றார்கள். அந்தத் தோல்வி எனக்கு வலிக்கவே இல்லை. ஆட்டம் பாதியில் இருக்கும்போதே எழுந்துபோய்ச் சோறு வடித்தேன். 7-1 என்றால் எதிராளி மேலானவன், அவ்வளவுதான். 4-3இல் மட்டும் ஒவ்வொரு விநாடியையும் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெஸ்டர்ன் மிச்சிகன் வென்றதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. 2009இல் அவர்களும் மியாமியும் ஒரே லீக். 2013இல் அது கலைந்தபோது ஒன்றாகவே புதிய லீக்குக்குப் போனார்கள். இப்போது முடிந்த பருவத்தில் மியாமி வென்றது மூன்றே ஆட்டங்கள். அன்று 59.5 விநாடி தாங்கியிருந்தால் இந்தப் பதினாறு ஆண்டுகள் வேறாக இருந்திருக்குமா என்ற எண்ணம் வராமல் இல்லை. வந்தால் தள்ளிவிடுகிறேன்.

2025 ஏப்ரல் 14, இரவு 9.40

அம்மாவிடம் கேட்டுவிட்டேன். நான் எழுதியதில் முக்கால்வாசி சரி, ஒன்று தவறு. "அப்ப ஒண்ணும் ஆகாது" என்று அவர் சொல்லவே இல்லையாம். நான்தான் "ஒண்ணும் ஆகாதும்மா, ஒரு நிமிஷம்தான் இருக்கு" என்றேனாம். அதற்குப் பிறகு நான் பேசாமல் நின்றதில் இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து அவர் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டதாம். பால் பொங்கியதை வைத்துத்தான் அந்தக் காலையை அவர் நினைவில் வைத்திருக்கிறார். மாலை 4.30 குறிப்பில் உள்ளதை இப்படித் திருத்தி வாசிக்கவும்.

அந்த ஆட்டம் எப்படி முடிந்தது என்று அவருக்கு நான் சொன்னதே இல்லை என்பது இன்றுதான் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியைக் கோலாகவும், ஒரு மிளகை வட்டாகவும் வைத்து, கூடுதல் நேரத்து அந்தக் கடைசி அடியைக் காட்டினேன். தடுக்க விழுந்தவருக்கு ஒரு கரண்டியைக் குறுக்கே வைத்தேன். அம்மா கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தடுக்கத்தானே விழுந்தான்?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"பின்னே?" என்று சொல்லிவிட்டு, கரண்டியை எடுத்து ரசத்தில் போட்டார்.